பூசைக்கு வைத்த கதைப்புத்தகம்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஊருக்கு ஒரு கடிதம் எழுதினாலும் மருமகள்தான் பார்த்து, எழுத்துகளில் நான் விட்ட குற்றும் கொம்பும் போட்டுத் தருவாள். இதையும் அவள்தான் எழுதச் சொன்னாள். குசினியில் கீரை ஆய்ந்துகொண்டு நான் வாய்க்கு வந்தபடி சொன்னதை, "மாமி, இதைக் கடுதாசியிலை எழுதுங்கோ, நான் ஆண்டு மலரிலை போடக் குடுக்கிறன்" என்று பிடித்துக்கொண்டாள். எனக்கு நாலுபேர் பார்க்க எழுதுவதென்றால் இப்போதும் பயம். மறதியும் வந்துவிட்டது. முன்னே பின்னே மாறிக் கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். றெயில் போனால் அலுமாரிக் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடும். ஐயாவுக்குக் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. வீட்டில் ஐயா, அம்மா, நான், இன்னும் ஏடு தொடக்காத என் தம்பி. அதோடு ஐயாவின் தம்பியும் இருந்தார். அவரைச் சின்னையா என்று கூப்பிடுவேன். உத்தியோகம் தேடி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, உத்தியோகம் அவரைத் தேடி வரட்டும் என்று எங்கள் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் காத்திருந்தவர். தனக்குத் தெரியாது என்று அவர் எதைப் பற்றியும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் சரியான பயந்தாங்கொள்ளி. மீன்காரன் "மாளு, மாளு" என்று கத்திக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பினால் கதவுக்குப் பின்னால் நிற்பேன். மில்லில் சங்கு ஊதினால் காதைப் பொத்துவேன். யாரும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், என்ன பிழை செய்தேன் என்றுதான் முதலில் யோசிப்பேன். பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருப்பேன்.

அது மிஷன்காரரின் பெண்பிள்ளைப் பள்ளிக்கூடம். கோயிலுக்குப் பின்னால், அதாவது அவர்களுடைய தேவாலயத்துக்குப் பின்னால், ஓட்டுக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம். எங்கள் ஐந்தாம் வகுப்பு ரீச்சரும் வேதக்காரர்தான். மெலிந்த ஆள், எந்த நாளும் வெள்ளைச் சீலை. பிரம்பே எடுக்கமாட்டா. பிழை செய்தால் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவா. பக்கத்து வகுப்பு ரீச்சர் அடிக்கிற அடியைவிட எனக்கு அந்தப் பேசாமல் இருப்பதுதான் பெரிய பயம்.

அந்த வருசம் அவ, ஒருவரும் எங்களிடம் சொல்லாத ஒரு வேலையைச் சொன்னா. எங்கள் வாசிப்புப் புத்தகத்தில் பாட்டாக ஒரு கதை இருந்தது. ரீச்சரிடம் சொந்தமாக ஒரு மெல்லிய கதைப்புத்தகம் இருந்தது. இரண்டையும் படித்துவிட்டு, எதில் எதில் ஒத்துப் போகின்றன, எதில் எதில் வேறுபடுகின்றன என்று கட்டுரை எழுதவேண்டும். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஒற்றுமை, அந்தப் பக்கம் வேற்றுமை என்று எழுதிக் காட்டினா. அதுவரை எனக்குப் பயமில்லை. கடைசியில், "இரண்டு கதையிலும் வருகிற பெண்களில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்றும் எழுதவேண்டும்" என்றா. நான் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்காது. எங்கள் வீட்டில் என்னிடம் "சோறு காணுமோ" என்று கேட்பார்கள், "தலை வாரி இழுத்தாச்சோ" என்று கேட்பார்கள். யாரைப் பிடிக்கும், ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஏதாவது இருக்கிறதா என்றும் எனக்குத் தெரியாது.

அதோடு இன்னொன்றும் சொன்னா. கட்டுரைகளைப் பெரிய மிஸ் பார்ப்பா. பெரிய மிஸ் என்றால் பள்ளிக்கூடத்துக்கு மேலாளாக இருந்த வெள்ளைக்கார அம்மா. நன்றாக எழுதுகிற ஒரு பிள்ளையைக் கொட்டாஞ்சேனையில் இருந்த மிஷன்காரரின் பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குச் பள்ளிச் சம்பளம் கட்டாமல் சேர்த்துவிடுவார்கள். முன் வாங்குப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஆசை இருந்ததோ என்றால், இருந்தது. ஆனால் ஆசைப்படுவதற்கும் பயமாக இருந்தது.

கதைப்புத்தகம் ஒன்றே ஒன்றுதான். அது ஒவ்வொரு பிள்ளை வீடாகப் போய் வந்தது. முன் வாங்கிலிருந்து தொடங்கினபடியால் என்னிடம் வரக் கடைசியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. திங்கட்கிழமை கட்டுரை கொடுக்கவேண்டும். அந்த ஞாயிறுதான் சரசுவதி பூசை. மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நவராத்திரியும் தெரியாது, விசயதசமியும் தெரியாது.

பாட்டுக் கதை எனக்கு மனப்பாடம். ஒரு தேசத்தில் பெருமழை. குளக்கட்டு உடையப் போகிறது. வேலைசெய்த சனமெல்லாம் பயந்து ஓடுகிறது. தகப்பன் கட்டின குளம் என்று அரசகுமாரி குடையோடு தனியே போய்க் குளக்கட்டில் இருந்துவிடுகிறாள். அவள் மழையில் இருக்கிறதைக் கண்ட சனம் வெட்கப்பட்டு, மண்கூடையோடு திரும்பி வந்து கட்டைக் காப்பாற்றுகிறது. அவளுடைய வீரத்தைப் பற்றி நிறைய அடிகள்.

கதைப்புத்தகத்தில் ஒரு நெசவுகாரி. அவள் நெய்கிற சீலையைப் பற்றிக் கேள்விப்பட்ட அரசன், அவளைக் கொண்டுவந்து அரண்மனையில் ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறான். சொன்ன நாளுக்குள் சீலை முடியாவிட்டால் அவளுடைய தகப்பனுக்குச் சிறை. அவள் இருந்து நெய்கிறாள். உடல் முழுக்க நெய்தாயிற்று. தலைப்பு மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அந்த இடத்தில் அம்மா கூப்பிட்டா. "எடி பிள்ளை, தம்பியைக் கொஞ்சம் தூக்கி வைச்சிரு. நான் குத்துவிளக்கு மினுக்கவேணும்."

தம்பியைத் தூக்கினேன். அவன் இறங்கவில்லை. சனிக்கிழமையும் அப்படியே போனது. அம்மா வீடு கழுவினா, திரைச்சீலை தோய்த்தா. நான் வாளியும் தும்புத்தடியுமாக அவவுக்குப் பின்னால் திரிந்தேன். பின்னேரம் வேலை முடிந்து கால் கழுவிக்கொண்டு வந்து பார்க்கிறேன், மேசையில் புத்தகம் இல்லை.

சாமி அறையில் கும்பத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து அம்மா புத்தகங்களை அடுக்கியிருந்தா. ஐயாவின் தேவாரப் புத்தகம், பஞ்சாங்கம், சின்னையாவின் இங்கிலீஷ் இலக்கணம், எனது கொப்பிகள், றெயில் நேர அட்டவணை, சவுக்காரக் கொம்பனிக்காரன் சும்மா கொடுத்த ஒரு சிங்களக் கலண்டர், எல்லாம் இருந்தன. ஐயாவின் பேனையும் எனது பென்சிலும் மைக்கூடும்கூட. எழுத்து என்றால் எழுத்துத்தான் என்பது அம்மாவின் கட்சி. வீட்டில் இருக்கிற ஓர் எழுத்தை வைக்காமல் விட்டால், அந்த எழுத்துக் கோவித்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் மேலட்டையில் சந்தனம் பூசி நடுவே குங்குமப் பொட்டும் வைத்திருந்தா. எல்லாவற்றுக்கும் மேலே, பொட்டு வைத்த மணப்பெண் மாதிரி, ரீச்சரின் கதைப்புத்தகம்.

நான் அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, அது எங்கடை இல்லை. அது ரீச்சரின்ரை."

"ஆற்றையெண்டால் என்ன? எங்கடை வீட்டிலை இருக்கிறவரைக்கும் எங்கடைதான். ரீச்சருக்கும் புண்ணியம்."

"நான் இன்னும் வாசிச்சு முடிக்கேல்லை..."

"வைச்சாச்சு. இனி விசயதசமிக்குத்தான். இடையிலை தொட்டு வாசிச்சியோ, படிச்சது முழுக்கக் கலைமகள் திருப்பி எடுத்துப்போடுவா. பிறகு ஆனா ஆவன்னாவும் தெரியாமல் நிக்கவேண்டி வரும்."

அம்மா இதைச் சும்மா வெருட்டுவதற்குச் சொல்லவில்லை. அவ அப்படியே நம்பினா. நானும் நம்பினேன். எங்கள் ஊரில் ஒரு பெடியன் பூசையன்று களவாகக் கணக்குச் செய்து, பிறகு தன் பெயரையே எழுத முடியாமல் போனான் என்று ஒரு கதை இருந்தது. அந்தப் பெடியனை நான் கண்டதில்லை. ஆனால் அன்று பின்னேரம் முழுக்க அவனுடைய முகம் எனக்கு முன்னால் நின்றது. பூசைக்கு வைத்ததைத் தொட்டால் கலைமகள். தொடாவிட்டால் ரீச்சர். அதோடு சிலுவை போட்ட மேசையில் கொண்டுபோய் வைக்கவேண்டிய புத்தகத்தில் சந்தனமும் குங்குமமும். இந்த மூன்றில் எது பெரிய பயம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஞாயிறு காலமை விறாந்தைக்குப் போனேன். சின்னையாவுக்கும் அன்று புதினத்தாள் வாசிக்க அனுமதியில்லை. அவர் அதைச் சுருட்டி ஈ அடித்துக்கொண்டிருந்தார்.

"சின்னையா, மனசுக்குள்ளை கட்டுரை எழுதினால் பாவமோ?"

அவர் ஈயை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "கொம்மா மனசையும் பூசைக்கு வைச்சுப் போட்டாவோ?"

"இல்லை."

"சந்தனம் பூசினவவோ?"

"இல்லை."

"அப்ப என்ன? எழுது."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் அவர் சொல்கிறதென்றால் கொஞ்சம் சந்தேகம். பிறகு நெசவுகாரி கதையைச் சொல்லி, கதவைத் தட்டினது யார், பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஓ, அந்தக் கதையோ!" என்று அவர் காலை நீட்டிக்கொண்டார். "நான் அதைச் சின்னனிலையே படிச்சனான். தட்டினது மந்திரியின்ரை மோன். வந்து சீலையைப் பாத்தான், பெட்டையைப் பாத்தான், பிடிச்சுப்போச்சு. பிறகென்ன, கலியாணம், விருந்து."

சின்னையா சொல்கிற எல்லாக் கதைகளிலும் கடைசியில் மந்திரியின் மகன் வந்து கலியாணம் செய்வான் என்பது எனக்குத் தெரியும். தம்பிக்கு நரிக்கதை சொன்னபோதும் அவன் வந்தான். இருந்தாலும் வேறு யாரை நான் கேட்பது? அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஐயாவிடம் நான் கேள்வி கேட்டு வழக்கமில்லை.

அன்று முழுக்க மனதுக்குள் எழுதினேன். பூ ஆய்கிறபோது ஒரு வசனம், கடலை அவிக்கிறபோது ஒரு வசனம். எழுதினது மறந்துபோகாமல் இருக்க முதலிலிருந்து திருப்பித் திருப்பிச் சொல்லவேண்டியிருந்தது. வாய் தானாக அசைந்திருக்கவேண்டும். அம்மா கண்டுவிட்டா. பிள்ளை பூசை நாளில் பாட்டு முணுமுணுக்கிறது என்று அவவுக்கு ஒரே சந்தோசம். கூப்பிட்டு இன்னொரு வடை தந்தா. நான் அதைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். மனதுக்குள் எழுதினாலும் எழுத்து எழுத்துத்தானே, கலைமகளுக்கு மனம் தெரியாதா என்று அந்த நேரம் பார்த்து ஒரு யோசனை வந்தது. நிற்பாட்டவேண்டும் என்று நினைத்தேன். நிற்பாட்ட முடியவில்லை. எழுதாமல் இருக்கவேண்டும் என்று நினைக்க நினைக்க அந்த நெசவுகாரி மனதுக்குள் இருந்து நெய்துகொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை விடிய விசயதசமி. தம்பிக்கு ஏடு தொடக்கவேண்டும். நல்ல நேரம் வரும்வரை ஐயா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, தம்பியின் விரலைப் பிடித்து எழுதுவித்தார். அவன் அழுதான், அரிசியை வாரி எறிந்தான், திரும்ப எழுதுவித்தார்கள். அதற்குப் பிறகுதான் என் பென்சில் எனக்குக் கிடைத்தது. ஈரத் தலையோடு குசினி வாசலில் குந்தியிருந்து, மனதில் இருந்ததை அப்படியே கடுதாசியில் கொட்டினேன். முடிவுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. புத்தகத்தைத் திறந்து பார்க்க நேரமில்லை. பள்ளிக்கூட மணி எந்த நேரமும் அடிக்கும். "பிறகு அவள் மந்திரி குமாரனைக் கலியாணம் செய்தாள்" என்று எழுதி மடித்துக்கொண்டு ஓடினேன்.

ஓடுகிற வழியில் பாவாடை நுனியில் எச்சில் தொட்டு, புத்தகத்தின் அட்டையைத் துடைத்தேன். சந்தனம் போனது. குங்குமம் போகவில்லை. துடைக்கத் துடைக்க அகன்று, அட்டை முழுக்க ஒரு புண் மாதிரிச் சிவந்துபோனது.

ரீச்சர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தா. என்னைப் பார்த்தா. மேசை லாச்சிக்குள் வைத்து மூடினா.

பிறகு ஒவ்வொருவராக எழுந்து கட்டுரையை வாசித்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரித்தான் எழுதியிருந்தார்கள். இருவரும் வீரமுள்ள பெண்கள், இருவரும் தந்தைமேல் பக்தியுள்ளவர்கள், ஒருத்தி அரசகுமாரி, மற்றவள் ஏழை. கதவைத் தட்டினது அரசி என்றும், அவளே இரங்கி வந்து நெசவுகாரியை விடுவித்தாள் என்றும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் கட்டுரையில் இருந்த மந்திரி குமாரனை நினைத்தேன். அழிக்கவும் வழியில்லை. என் முறை வந்தது. எழுந்து நின்றேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ரீச்சர் கிட்ட வந்து கடுதாசியை என் கையிலிருந்து எடுத்து, தானே வாசித்தா.

நான் எழுதினது எனக்கு இன்னும் ஓரளவு நினைவிருக்கிறது. "இருவரும் பயந்தவர்கள். அரசகுமாரி குடையின் காம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள் என்று பாட்டில் இருக்கிறது. பயமில்லாதவள் ஏன் இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும்? அவள் பயந்ததை எல்லாரும் கண்டார்கள். அதனால் உதவிக்கு வந்தார்கள். நெசவுகாரி பயந்ததை ஒருவரும் காணவில்லை, ஏனென்றால் அறை பூட்டியிருந்தது. அவள் பயந்து பயந்தே நெய்தாள். ஆனால் நூல் அறவில்லை. எனக்கு நெசவுகாரியைப் பிடிக்கும்." இப்படித்தான். அதற்குப் பிறகு மந்திரி குமாரன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. முன் வாங்கில் இருந்த ஒரு பெட்டை திரும்பி, "எடியே, மந்திரியின்ரை மோன் எந்தப் பக்கத்தாலை வந்தவன்? யன்னலாலையோ?" என்றாள். இன்னொருத்தி, "இல்லையடி, இவவைப் பாக்க வந்தவன்" என்றாள். ரீச்சர் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. கடுதாசியைத் திரும்ப ஒருமுறை தனக்குள் வாசித்தா. பிறகு மற்றப் பிள்ளைகளின் கட்டுரைகளோடு வைக்காமல், மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தா.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. மற்றவர்களின் கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வந்தது. எனது வரவில்லை. கேட்கப் பயம். கேட்காமல் இருந்தால் இன்னும் பயம். வாசிக்காத புத்தகத்தை வாசித்ததாகப் பொய் எழுதினேன், வேதக்காரரின் புத்தகத்தில் குங்குமம் பூசினேன், பூசை நாளில் மனதுக்குள் எழுதினேன். மூன்றையும் சேர்த்து ஏதோ வரப்போகிறது என்று இருந்தேன். தீபாவளி போனது. மழை வந்தது. ரீச்சர் சிலவேளை பாடம் நடுவே என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பா. நான் குனிந்துகொள்வேன்.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, பள்ளிக்கூடம் மூடினபோது தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒருநாள் பின்னேரம், ஐயா கந்தோரால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார், ஒழுங்கையால் வெள்ளைச் சீலை வருகிறது. கையில் குடை. கக்கத்தில் அந்தப் புத்தகம். அந்தச் சிவப்பு எனக்கு யன்னலால் தெரிந்தது.

நான் ஓடிப்போய்க் குளிக்கிற அறைக்குள் புகுந்து கொண்டியைப் போட்டேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஈர நிலத்தில் குந்திக்கொண்டேன். அங்கே இருந்து பேச்சுக் கேட்கும், சொல் விளங்காது. ரீச்சரின் குரல் மெதுவாகத் தொடங்கி, பிறகு நான் ஒருநாளும் கேட்டிராத மாதிரி உயர்ந்தது. என் பாவத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறா என்று நினைத்தேன். ஐயாவின் குரல் இடைக்கிடை வந்தது. சின்னையாவின் இருமல் கேட்டது. எனக்குத் தெரிந்த கடவுள் எல்லாரையும் கூப்பிட்டேன். கலைமகளைத்தான் கூடுதலாக மன்றாடினேன். அம்மாளாச்சி, படிச்சதெல்லாத்தையும் எடுத்துக்கொள், இந்த ரீச்சரை மட்டும் போகச்செய்.

கொஞ்ச நேரத்தில் அம்மா கதவைத் தட்டினா.

"பிள்ளை, ஐயா கூப்பிடுறார். ரீச்சர் உன்னோடை ஒரு சொல்லுக் கதைக்கவேணுமாம். வாறியோ?"

"மாட்டன்."

"ஏன்? வந்து ஓமோ இல்லையோ எண்டு சொல்லிப்போட்டுப் போவன்."

"மாட்டன் அம்மா, நான் வரமாட்டன். அவவைப் போகச் சொல்லுங்கோ." சத்தம் போட்டு அழுதேன். நான் அப்படிச் சத்தம் போடுகிற பிள்ளை இல்லை. அம்மாவே பயந்துபோனா. "சரி, சரி, அழாதை" என்று சொல்லிக்கொண்டு அவ திரும்பிப் போகிற காலடி கேட்டது. பிறகு படலை சாத்துகிற சத்தம் கேட்டது.

வெளியே வந்தபோது ஒருவரும் என்னை ஏசவில்லை. ஐயா என்னைப் பார்த்து, "பயப்பிடாதை பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அவர் அப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சின்னையா அன்று பகிடி ஒன்றும் விடவில்லை. தை பிறந்தபோது அம்மா, இனிப் பள்ளிக்கூடம் இல்லை, வீட்டில் இருந்து தையல் பழகு என்றா. எனக்கு மலை இறங்கின மாதிரி. இவ்வளவு பாவத்துக்கு இவ்வளவுதானா தண்டனை என்று கலைமகளுக்கு இரண்டு நந்தியாவட்டைப் பூ வைத்துக் கும்பிட்டேன். எங்கள் வகுப்பில் முன் வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று, யன்னலாலையோ என்று கேட்டவள்தான், புதுச் சட்டையும் சப்பாத்துமாகக் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிறதைக் கண்டேன். கொட்டாஞ்சேனைக்குப் போகிறாளாம். அங்கே எல்லாம் இங்கிலீஷ், எல்லாரும் புது முகம். பாவம், அவள் என்ன பாடுபடப் போகிறாளோ என்று நினைத்தேன்.

பிறகு நான் கலியாணம் கட்டி, பிள்ளைகளும் பெற்று, என் மூத்தவளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நேரம். அம்மா எங்களோடு வந்து நின்றா. மகளின் சட்டைக்குத் தெறி தைத்துக்கொண்டு இருந்தவ, நான் ஏற்கெனவே அறிந்த விசயம் போல, "உனக்கும் கிடைச்சதுதானே. நீதானே மாட்டன் எண்டனி" என்றா.

"என்ன கிடைச்சது?"

"கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம். அந்த ரீச்சர் வந்து எவ்வளவு கேட்டவ. பெரிய மிஸ் உன்னைத்தான் சொன்னவவாம். ஐயா, அவ்வளவு தூரம் பஸ்ஸிலை விடேலாது எண்டார். நானே கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு ரீச்சர் சொன்னவ. அந்தப் புத்தகத்தையும் உனக்கெண்டு தரத்தான் கொண்டந்தவ. ஐயா, பிள்ளையைக் கேட்டுப் பாப்பம் எண்டார். நீ கதவைப் பூட்டிக்கொண்டு குளறினாய். மனிசி கண்ணைத் துடைச்சுக்கொண்டு போச்சுது." நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "நான் உனக்குச் சொல்லேல்லையே?" என்றா.

சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவவுக்குத் தோன்றவில்லை. நான் வேண்டாம் என்ற ஒன்றை எனக்கு ஏன் திரும்பச் சொல்லவேண்டும்? எனக்கு அம்மாவோடு கோபம் வரவில்லை. மகள் சட்டையைப் போட்டுப் பார்க்க ஓடிவந்தாள். தெறி சரியாக இருந்தது.

ரீச்சர் உயர்த்திப் பேசினது எனக்காகத்தான் என்று அந்தக் குளிக்கிற அறைக்குள் இருந்த பிள்ளைக்குத் தெரியாது. ஒருவர் தன்னைப் பற்றிக் குரல் உயர்த்தினால் அது ஏச்சுத்தான் என்றுதான் அது அறிந்திருந்தது. அன்று ரீச்சர் போனதும் தன் மன்றாட்டைக் கடவுள் கேட்டுவிட்டார் என்று அந்தப் பிள்ளை நிம்மதியாகச் சாப்பிட்டது.

இவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் காலத்தில் கொட்டாஞ்சேனைக்கு நேரே பஸ் போனதோ, கோட்டையில் மாறவேண்டியிருந்ததோ, சம்பளமில்லாமல் சேர்த்தது ஒரு பிள்ளையையோ கூடவோ, குளக்கட்டுப் பாட்டு ஐந்தாம் வகுப்பிலோ நாலாம் வகுப்பிலோ, தெரிந்தவர்கள் யாரும் இருந்தால் பார்த்துத் திருத்திவிடுங்கோ. ஐயா "பிள்ளையைக் கேட்டுப் பாப்பம்" என்றது, நான் ஓம் என்றால் விடுகிற எண்ணத்தோடோ, ரீச்சரை மரியாதையாக அனுப்பிவைக்கவோ என்றும் எனக்குத் தெரியாது. ஐயாவும் இல்லை, அம்மாவும் இல்லை, சின்னையாவும் இல்லை. ஐயா சொன்னதை மட்டும் நான் எழுதினபடியே விட்டுவிடுங்கோ.